சுற்றடி வந்த மாசி

"யுவ வருஷம், மாசி, வெள்ளிக்கிழமை. சுற்றடி வந்துவிட்டது." என் பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலக் கணக்கில் அது 1936. குமாரபாளையத்து நெசவாளிகள் நாங்கள் மாரியம்மன் நோம்பிக்கு ஒயிலாட்டம் பழகிய இரண்டாம் வருஷம்.

முதல் வருஷம் கைக்குட்டையை வீசி முன்னே போய்ப் பின்னே வருகிற அடிகளோடு நின்றுவிட்டோம். இந்த முறை வாத்தியார் சுற்றடியைத் தொடங்கினார். அவர் மல்லசமுத்திரத்துக் குடியானவர், ஏறக்குறைய என் வயது. வலது காலை இரண்டு தரம் தட்டி, அந்த வேகத்திலேயே உடம்பை முழுதாகச் சுழற்ற வேண்டும். அது வந்தவர்களுக்கு முன் வரிசை, வராதவர்களுக்குக் கடைசி வரிசை என்று சொல்லிவிட்டார். நானோ, முன் வரிசையில் ஆடப்போவதாகப் பவானியில் இருந்த மச்சினர்களுக்கு முன்பே சொல்லியனுப்பியிருந்தேன்.

சலங்கை கட்டிக்கொண்டு காவிரி மணலில் பழகினோம். ஒருவருக்கும் வரவில்லை. தறிக்குழியில் எங்கள் கால்கள் மிதியை இடம், வலம் என்று மாற்றி மாற்றி மிதித்தே பழகியவை. ஒரே மிதியை இரண்டு தரம் மிதித்தால் சேலையில் பிழை விழும். அதனால் வலது கால் தட்டியதும் இடது தானாக எழுந்தது. ஆளுக்கொரு திசையில் திரும்பி, மோதி, மணலில் விழுந்து சிரித்தோம். போதாததற்கு எல்லோருக்கும் குனிந்தே பார்க்கிற பழக்கம்.

"கீழ என்ன பாக்கறீங்க சாமி, நூலு அந்து கெடக்குதா?" என்றார் வாத்தியார்.

வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன். முற்றத்தில் ஆடிக் காட்டச் சொன்னாள். சிரித்து முடித்த பிறகு யோசித்தாள்.

"ஏனுங்க, ரெண்டு கால்லயும் கட்டியிருந்தா எது தட்டுதுன்னு காதுக்கு எப்பிடித் தெரியும்? எடது கால் சலங்கையக் கழட்டிட்டு ஆடுங்க."

கழற்றினேன். இப்போது தவறி இடது எழுந்தால் சத்தமே இல்லை. இரண்டு ஒலியும் அடுத்தடுத்துக் கேட்கிறதா என்று காது கவனித்தது. காலைப் பார்க்க வேண்டிய தேவை போய், தலை தானாக நிமிர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வேட்டி விரிய ஒரு சுற்றுச் சுற்றி, தடுமாறாமல் நின்றேன். அன்று மாலை மணலில் எல்லோரும் ஒற்றைச் சலங்கையோடுதான் பழகினோம். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார், தடுக்கவில்லை.

நோம்பியன்று இரு காலிலும் சலங்கை கட்டி, முன் வரிசையில் நின்றேன். தப்பட்டை வேகமெடுத்ததும் சுற்றடி வந்தது. கோவிலும் கூட்டமும் கைக்குட்டைகளும் ஒன்றாகச் சுழன்றன. பெண்கள் பக்கம் என் மனைவி கை தட்டியது ஒவ்வொரு சுற்றிலும் கண்ணில் பட்டது. ஆட்டம் முடிந்ததும் பெரிய மச்சினர் வந்து தோளைத் தட்டினார்.

"பரவால்லீங்க மாப்ள, நாளைக்குத் தறியில உக்காந்து சுத்திப்போடாதீங்க."

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே குறிக்க வேண்டும். எனக்கு முன் வரிசை கிடைத்தது சுற்றடிக்காகத்தான் என்பது என் நம்பிக்கை. அந்த இடத்துக்கு முதலில் வைத்திருந்த ஆள் நூல் வாங்கத் திருச்செங்கோடு போய் நேரத்துக்குத் திரும்பாததால்தான் அது எனக்கு வந்தது என்று என்னோடு ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார். வாத்தியாரிடம் நான் கேட்கவில்லை. எது சரி என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.