அமலியின் உச்சு

மதியம் ஒன்றே முக்கால் ஆனதும் அமலி அருள்சாமி முதலில் மின்விசிறியை நிறுத்துகிறார். அடுத்து ஃபிரிட்ஜ். பிறகு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைக்கிறார். கடைசியாகக் கொல்லைக்குப் போய், வேலிக்கு அப்பால் வைக்கோலை உதறிக்கொண்டிருக்கும் மங்களாம்பிகையிடம் கேட்கிறார்.

"மங்களம், அறுப்பு மிஷின் நம்ம பக்கம் எப்ப திரும்பும்?"

"டிரைவர் சாப்பிடப் போயிருக்கான்க்கா. மூணுக்குத்தான் வருவான். நீங்க போயி கத்துங்க."

அமலியின் வானொலி நடிப்புக்கு மங்களாம்பிகை வைத்திருக்கும் பெயர் கத்துவது.

நன்னிலத்தில் இரண்டு மணி என்றால், தை மாதத்தில், லண்டனில் காலை எட்டரை. அமலி மர பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, தலைக்கு மேல் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொள்கிறார். எதிரொலியைப் புடவைகள் குடித்துவிடும். லண்டன் குளிர் முழங்காலுக்கு ஆகாததால் ஜனவரி முதல் மார்ச் வரை அவர் பிறந்த வீட்டில்தான் இருக்கிறார். அந்த மாதங்களில் பிரிட்டிஷ் வானொலி நேயர்கள் கேட்கும் அவர் குரல் அந்துருண்டை வாசனைக்குள்ளிருந்துதான் போகிறது.

வயது அறுபத்து மூன்று. தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு, 1986இல் லண்டன். 1989 மார்ச் 14 அன்று, ஒரு வானொலி நாடகத்துக்காக மருந்துப் பெயர்களை உச்சரித்துக் காட்டப் போனார். நடிகை வரத் தாமதமானதால் ஒரு வரியை அவரே பேசினார்: "டாக்டர், நான்காம் கட்டில்." அதிலிருந்து, 2024 டிசம்பர் வரை, வானொலியிலும் தொலைக்காட்சியிலுமாக நூற்றுப் பதினேழு வேடங்கள். நர்ஸ் அறுபத்தொன்று, கடைக்காரர் மனைவி இருபத்திரண்டு, மணப்பெண்ணின் அம்மா பதினெட்டு, பிணம் மூன்று, மற்றவை பதின்மூன்று. பெயர் வைத்த பாத்திரம் ஒன்பதே. முதன்மைப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

"பொணம்தான் கஷ்டம். சரியா அப்பத்தான் மூக்கு அரிக்கும்" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாவை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து உச்சுக் கொட்டுவார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்: 'இல்லை' என்பதற்கு ஒன்று, 'ஐயோ பாவம்' என்பதற்கு இரண்டு. ஆனால் லண்டன் ஒலிப்பதிவாளர்கள் அதை வாய்ச்சத்தம் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவிலும் நீக்கிவந்தார்கள்.

"எச்சி சத்தம்னு நெனச்சுட்டாங்க. முப்பத்தஞ்சு வருசமா என்னோட இல்லையையும் தொடச்சாங்க, பாவத்தையும் தொடச்சாங்க."

சென்ற ஆண்டு ஜனவரியில்தான் அது சிக்கலானது. பத்து வாரத் தொடர் ஒன்றில், துறைமுக ஊரில் தங்கும் விடுதி நடத்தும் ராஜம் என்ற விதவையாக நடிக்க அவரை அழைத்திருந்தார்கள். அவர்தான் கதாநாயகி. ஆனால் சோதனைப் பகுதி ஒன்றை வானொலி மேலிடம் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அதில், விடுதியில் தங்கியிருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவர், தன் அம்மா இறந்துவிட்டாள் என்கிறார். ராஜம் ஆறு வரியில் ஆறுதல் சொல்ல வேண்டும். அமலி ஆறு வரியையும் விட்டுவிட்டு, இரண்டு முறை உச்சுக் கொட்டி அனுப்பினார்.

தயாரிப்பாளர் ரூத்திடமிருந்து பதில் வந்தது. வாய்ச்சத்தம் வழக்கம்போல் நீக்கப்பட்டதால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. திரும்பச் சேர்க்கவும் முடியாது, ஏனென்றால் அந்த ஓசை லண்டனில் அதட்டல். தாயை இழந்தவரை ராஜம் அதட்டுவதாக நேயர்கள் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு வரி வராவிட்டால் வேறு நடிகையைத்தான் பார்க்க வேண்டும்.

அமலி பீரோவுக்குள் அந்த ஆறு வரியை மூன்று முறை பேசினார். மூன்றையும் போட்டுக் கேட்டார். மூன்று முறையும் பேசியது நர்ஸ்தான், ராஜம் இல்லை. மூன்றையும் அழித்தார்.

2025 ஜனவரி 24, வெள்ளி, மதியம் இரண்டு மணி. கம்ப்யூட்டர் திரையில் ரூத் வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. அமலி பேச வாயெடுக்கும்போது கொல்லைக் கதவு திறந்தது.

"யக்கா, மிஷின் முன்னாடியே வந்துருச்சு, சத்தம் வரும்" என்றபடி வந்த மங்களாம்பிகை திரையைப் பார்த்து நின்றார். "இது யாரு, ஒங்க மொதலாளியம்மாவா? ஏன் மொகம் இப்படிக் கெடக்கு?"

அமலி ரூத்திடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். பதிலைக் கேட்டுத் தமிழில் சொன்னார்: "அவங்க அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வர்றாங்க."

மங்களாம்பிகைக்கு ஆங்கிலம் தெரியாது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். இரண்டு முறை உச்சுக் கொட்டினார். வேறு எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றார்.

ரூத் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். வெளியே அறுவடை மிஷின் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"அதுவா?" என்றார் ரூத்.

"அதுதான்."

"அவர் என்னை அதட்டவில்லை."

"இல்லை."

"ஆறு வரியும் வேண்டாம்" என்று சொல்லி, ரூத் கோட்டைக் கழற்றினார்.

நீக்கிய ஓசை திரும்பச் சேர்க்கப்பட்டது. மேலிடம் கேட்டது, ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 7, திங்கள் முதல் பத்து வாரங்கள், நடிகர் பட்டியலில் முதல் பெயராக அமலி அருள்சாமி என்று வாசித்தார்கள். 'ள்' மட்டும் மூன்றாம் வாரத்தில்தான் சரியாக வந்தது. நேயர் கடிதங்கள் இருநூற்றுப் பதினான்கு. மனைவியை இழந்த ஒரு முதியவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது."

இந்த ஜனவரியில் இரண்டாம் தொடர். புதிய வசனத் தாள்களில் ராஜத்தின் உச்சுக்குத் தனி வரி எண் உண்டு. எப்படி எழுதுவது என்று ரூத் கேட்க, அமலி சொல்லிக்கொடுத்தபடி, ஆங்கில எழுத்தில் 'உச்சு' என்றே அச்சாகியிருக்கிறது. தனக்கும் ஒரு தாள் வேண்டுமென்று கேட்டு வாங்கிப்போன மங்களாம்பிகை, அதை அரிசி டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறார். "வசனம் நம்மளுதுல்ல" என்கிறார்.

சென்ற செவ்வாய்க்கிழமை பதிவு முடிந்து, அமலி கடிகாரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசி முடிக்கும்வரை மங்களாம்பிகை கொல்லைக் கதவருகே காத்திருந்தார்.

"யாருக்கா?"

"டிவிக்காரங்க. ஆஸ்பத்திரிக் கதையாம். நாலு நாள் வேல."

"அப்ப மறுபடியும் நர்ஸா நடிக்கப் போறீங்களா?"

அமலி குனிந்து ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருகினார். நிமிராமலே தலையை லேசாகத் திருப்பி, உச்சுக் கொட்டினார். ஒரே ஒரு முறை.