சொந்தக்காரர் என்று எழுதினேன்

லா சப்பலில் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கீழே இப்போது புடவைக்கடை. "விக்டோரியா மகாராணி காலத்து வீடு" என்பார் அப்பா. பிரான்சுக்கும் அந்த மகாராணிக்கும் என்ன சம்பந்தம்? யாழ்ப்பாணத்தில் படித்தவருக்குப் பழைய கட்டடம் என்றால் அவள் காலம்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாம் மாடியை அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்தார். பின்னறையில் அப்பா, அம்மா, நான் என மூவரும் இருந்தோம். அப்பாவுக்கு விசா இல்லை. "ஆரும் கேட்டா, பெரியப்பான்ர சொந்தக்காரர் எண்டு சொல்லு, விளங்கிச்சோ?" என்று சொல்லித்தான் தினமும் பள்ளிக்கு அனுப்புவார்.

அந்த வருடம் ரீச்சர் எங்களை வீடுகளின் கதையை எழுதச் சொன்னார். வேறிடத்தில் குடியிருந்த எங்கள் வீட்டுக்கார மதாமிடம் பழைய காகிதங்களும் வாங்கித் தந்தார். ரயில்பாதை வந்த காலத்தில் ஒரு நிலக்கரி வியாபாரி கட்டினாராம். அவர் மகன் சீட்டாடித் தோற்க, தொப்பிக்கடைக்காரர் ஒருவர் வாங்கினார். அவரிடமிருந்து மதாமின் தகப்பனுக்கு வந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் 'புரொப்ரியெத்தேர்' என்று இருந்தது. வாடகைப் பேச்சில் அடிபட்டு அம்மாவுக்குப் பழகிய ஓரிரு பிரெஞ்சுச் சொற்களில் அது ஒன்று. அவரிடம் அர்த்தம் கேட்டேன்.

"சொந்தக்காரர்" என்றா அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

அட, அப்ப நாங்களும்தானே! பட்டியலின் கடைசியில் எங்கள் மூன்று பேரின் பெயரையும் வடிவாக எழுதி, பக்கத்தில் அதே சொல்லையும் போட்டேன். தமிழில் உறவுக்கும் உடைமைக்கும் ஒரே சொல் என்பதும் பிரெஞ்சில் அப்படி இல்லை என்பதும் எனக்கு எங்கே தெரியும்?

ரீச்சர் அதைச் சுவரில் ஒட்டினார். பார்க்க வந்த மதாம் மூன்றாம் நாள் எங்கள் கதவைத் தட்டினாள். அவள் கோபப்படவில்லை. "யார் இவர்கள்? உங்கள் உறவென்றால் இருக்கட்டும்" என்று பெரியப்பாவிடம் பிரெஞ்சில் கேட்டாள். தம்பி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பெரியப்பாவோ, இவர்களைத் தனக்குத் தெரியாது, இரண்டு நாள் தங்க இடம் கேட்டு வந்த ஆட்கள், அடுத்த கிழமை போய்விடுவார்கள் என்றார். அச்சில் வார்த்ததுபோல் அதே மூக்கும் முழியுமாய்ப் பக்கத்தில் நிற்கும் தம்பியை வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். தன் விசாவுக்கு ஏதும் வந்துவிடும் என்று பயமாம். தூ!

அடுத்த கிழமையே நகருக்கு வெளியே வில்லியே லே பெல்லில் தெரிந்த ஒருவர் வீட்டுத் தரையில் படுத்தோம். அப்பா இன்றுவரை அந்த மதாமைத்தான் திட்டுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் அண்ணனுக்குப் போன் எடுக்கிறார். எனக்கு வயிறு எரியும். ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அன்றைக்கு அந்த வாசலில் நின்ற எங்கள் மூன்று பேரில் பிரெஞ்சு விளங்கியது எனக்கு மட்டும்தான். அப்பா குனிந்து, "அண்ணை என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். வெள்ளைக்காரரிடம் பெரியவர்கள் பொய் சொன்னால் அது எங்களைக் காப்பாற்றத்தான் என்று நம்பிய வயது.

"எங்களுக்காகத்தான் கதைக்கிறார் அப்பா" என்றேன்.

அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.