கித்தேரியம்மாளின் விரல் நுனி

கித்தேரியம்மாளிடம் ஒரு வெள்ளைக்காரி விட்டுப்போன கிரீம் இருக்கிறது, அதில் ஒரு விரல் நுனி அளவை விற்றால் ஒரு மூட்டை பூண்டு வாங்கலாம் என்று கொடைக்கானலில் பேச்சு. இங்கே எல்லாமே குளிரில் விறைத்துப்போகும், வதந்தியைத் தவிர. விசாரிக்கப் போனேன்.

கித்தேரியம்மாளுக்கு ஏரிப் பக்கம் ஒரு சாக்லேட் கடையில் முன் நாற்காலி. வருகிறவர்கள் கண்ணெதிரே சாக்லேட்டைத் தாளில் சுற்றித் தருவாள். கடை சாத்தியதும் தட்டு கழுவுவாள். பின்கட்டில் பெட்டி ஒட்டுகிறவள் வடிவு, பெரும்பாறைக்காரி. முன் நாற்காலிக்கு வெயில் வரும், டிப்ஸ் வரும். பின்கட்டுக்கு எறும்பு வரும்.

மார்கழியில் சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு கித்தேரியம்மாளின் கை சிவந்து வெடித்தது. முதலாளி பரமானந்தம் சொல்லிவிட்டார்: "பொங்கல் கூட்டத்துக்குள்ள கை ஆறலைன்னா வடிவு முன்னாடி உக்காரட்டும்." வடிவு அன்றைக்கே புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

கை ஆறிவிட்டது. வடிவுக்கு வயிறு எரிந்தது. கித்தேரியம்மாள் ட்யூபிலிருந்து துளியூண்டு பிதுக்கி, மெல்லிசாகத் தடவி, உடனே மூடுவதை அவள் பார்த்திருந்தாள். இவ்வளவு சிக்கனமென்றால் விலை எவ்வளவு இருக்கும்? மூட்டைப் பூண்டு கணக்கு அங்கே முளைத்ததுதான்.

கித்தேரியம்மாளைக் கேட்டால் சிரிக்கிறாள்.

"வெள்ளைக்காரியாவது ஒண்ணாவது. டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுங்க. வீரியம் கம்மியான ஸ்டீராய்டு கிரீம். ரெண்டு டீ, ரெண்டு பஜ்ஜி வெலைதான். ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து மொத ரேகை வரைக்கும் ஒரு கோடு பிதுக்குனா விரலோட சேத்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும்னாங்க. ஒரு வாரம் போட்டேன், நிறுத்திட்டேன். இப்ப க்ளவுஸும் ஈரப்பத கிரீமும்தான்."

"மிச்சம்?"

"அத அவகிட்டக் கேளுங்க."

வடிவின் கன்னத்தில் வளையமாக ஒரு தடிப்பு இருந்தது. நாற்காலிக்கு முகம் முக்கியமாயிற்றே. கித்தேரியம்மாள் கைகழுவப் போன நேரம் ட்யூபைக் கிளப்பிக்கொண்டு போய், தடிப்போடு நிற்காமல், சிவப்பாகட்டும் என்று முகம் முழுக்க அப்பினாள். அரிப்பு அடங்கியது. வடிவு பூரித்தாள். பிறகு வளையம் தாடை வரை இறங்கியது.

அதே டாக்டரம்மாவிடம் ஓடினாள். "இது படை. இதுக்கு ஸ்டீராய்டு போட்டா அரிப்பு அடங்குன மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள பரவும். மொகத்துக்கு, நாங்க சொல்லாம போடவே கூடாது" என்று வேறு மருந்து எழுதினார்.

பொங்கல் கூட்டத்தில் முன் நாற்காலியில் கித்தேரியம்மாள். பின்கட்டில், முகத்தில் துப்பட்டாவும் மடியில் பெட்டியுமாக வடிவு. புதுச் சேலை தையல்காரரிடமே கிடக்கிறது.

"அவங்களுக்குப் புது ட்யூப் வாங்கிக் குடுத்துட்டீங்களா?" என்று வடிவைக் கேட்டேன்.

"நான் எடுத்தது ஒரு விரல் நுனிங்க. அதுக்கு முழு ட்யூபு கேக்குறாங்க அக்கா."

முன்னாலிருந்து குரல் வந்தது: "ட்யூபு சப்பையாக் கெடக்குடி. அது என்ன, யானை விரலா?"

வடிவு அடுத்த பெட்டிக்குப் பசை தடவினாள், துளியூண்டு எடுத்து, மெல்லிசாக. ட்யூப் இன்னும் வரவில்லை.