எங்கள் தெருவுக்காகப் பயந்தவர்

சித்திரை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. திருநள்ளாற்றில் என் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் செல்வத்திடமிருந்து போன் வந்தது. செல்வம் அலுவலக நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. எடுப்பதற்குள் மனம் ஒரு சுற்று சுற்றிவந்துவிட்டது. மகளுக்கு ஏதாவதா, சுரக்குடியில் அம்மாவுக்கா, வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனா. எடுத்தேன். "அக்கா, நம்ம ஆரோக்கியம் அண்ணன் போயிட்டாங்கக்கா. ஆஸ்பத்திரியிலேருந்து இப்பத்தான் சொன்னாங்க" என்றார்.

அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இனி எங்களுக்காகப் பயப்பட ஆள் இல்லையே என்ற பயம். அவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நேற்று தெருவுக்குக் குடிவந்தவர்கள், தெருமுனையில் வைத்திருக்கும் அவர் படத்துக்கு முன்னால் நின்று "யாரு இவரு?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியில் ஆரோக்கியம் அண்ணன் கணக்கராக இருந்தார். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, எந்த நேரமும் எதையோ தேடுகிற கண்கள். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதில் வரக்கூடிய ஆபத்து அவருக்கு முதலில் தெரிந்துவிடும். மாம்பழம் வாங்கினால் கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று முகர்ந்து பார்ப்பார். நுங்கு வண்டி வந்தால் வெட்டுகிறவரின் விரலைப் பார்த்தபடி, "மெதுவா வெட்டுங்க, அவசரமில்ல" என்பார். ஊஞ்சல் கட்டினால் கயிற்றில் முதலில் தொங்கிப் பார்ப்பவர் அவர்தான். இத்தனைக்கும் மாம்பழமும் நுங்கும் ஊஞ்சலும் தெருவுக்கு வருவதே அவரால்தான். அவரே ஏற்பாடு செய்வார், அவரே நடுங்குவார்.

கடலோரத்தில் ஆழிப்பேரலையைப் பார்த்த மனிதர், அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வதுண்டு. அவருடைய மனைவி லூர்து அக்கா அதை ஒப்புக்கொண்டதே இல்லை. "அதெல்லாம் இல்லடி. அல வர்றதுக்கு முன்னாடியும் இவங்க இப்படித்தான். எங்க கல்யாணத்தன்னிக்குக் காத்து கொஞ்சம் பலமா அடிச்சிச்சு. மாப்பிள்ளையக் காணோம்னு தேடுறாங்க. இவங்க கோட்டு சூட்டோட பந்தக்காலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அக்கா எதற்கும் கலங்காதவர். பாம்பு வந்தால்கூட விளக்குமாற்றால் தள்ளிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த முதல் கத்திரி வெயில் நன்றாக நினைவிருக்கிறது. வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவள் நான். டவுனில் சந்து வீட்டுக்குள் மின்சாரமும் நின்றுபோனால் எங்கே போய் மூச்சுவிடுவது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு மத்தியானம் ஆரோக்கியம் அண்ணன் மொபெட்டின் பின்னால் உமிச் சாக்கில் சுற்றிய ஒரு பொருளோடு வந்தார். தெருமுனையில் மாதா சொரூபம் வைத்த கெபிக்கு முன்னால், மே மாத மாதா வணக்கத்துக்காகப் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் அதை இறக்கினார். சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு முழு ஐஸ் பாளம். மூலை உடைந்துபோனதால் படகுக்காரர்கள் வேண்டாமென்று விட்டதாம். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பிள்ளைகள் கன்னத்தை வைத்தார்கள், பெண்கள் உள்ளங்கையை வைத்தார்கள். பெரியவர்கள் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சுற்றி உட்கார்ந்து, பாதத்தை அதன்மேல் வைத்தார்கள். உருகிய தண்ணீர் சிமெண்ட் தரையில் ஓடியது. என் கால் அதன்மேல் பட்டதும் நான் கத்திவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் தெருக்காரியானது அன்றைக்குத்தான்.

அண்ணன் மட்டும் உட்காரவில்லை. "யாரும் வாயில வச்சிடாதீங்க, இது மீனுக்குப் போடுற ஐஸு. ரொம்ப நேரம் கால வைக்காதீங்க, மரத்துப்போயிடும். ஈரத்துல வழுக்கும், ஓடாதீங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தார். அப்படியும் கடைசி வீட்டுப் பையன் ஒருவன் நக்கிவிட்டான். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் பல நாள் காலையில் வேலைக்குப் போகும்போது அந்த வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி, "வயிறு எப்படி இருக்கு? வெளிக்குச் சரியாப் போனானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தப் பையன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். அண்ணன் இறந்த செய்தி கேட்டு எங்கேயோ இருந்து லூர்து அக்காவுக்குப் போன் செய்தான்.

ஒவ்வொரு மே மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கடற்கரைக்குப் போகும். குட்டியானை வண்டி ஒன்றில் பாய், தண்ணீர்க் குடம், புளிசாதம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அரசலாற்றை ஒட்டிய சாலையில் போவோம். ஒரு முறை நான் கேட்டேன், "உங்களுக்கு இவ்வளவு பயமா இருக்கே, ஏண்ணே நீங்களே கூட்டிட்டுப் போறீங்க?" அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் வரலைன்னா நீங்க போகாமலா இருப்பீங்க?" என்றார்.

என் மகள் நிலாவுக்கு ஆறு வயதான ஆண்டு அது. கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. என் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். நான் சுண்டல் வாங்கித் திரும்பிப் பார்க்கிறேன், பாயில் நிலா இல்லை. பக்கத்தில் விளையாடிய பிள்ளைகளைக் கேட்டால், "தண்ணிகிட்ட போனா" என்றது ஒன்று. "இல்ல, பலூன்காரர்கிட்ட" என்றது இன்னொன்று. "நிலா" என்று கூப்பிடுகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்வமும் மற்ற ஆண்களும் கடைப் பக்கம் ஓடினார்கள். ஆரோக்கியம் அண்ணன் கடலுக்குள் ஓடினார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. பேண்ட்டும் சட்டையுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கைகளாலும் அலையை விலக்கி விலக்கித் தேடினார். ஒரு அலை அவரைப் புரட்டிப் போட்டது. எழுந்தார், மறுபடியும் உள்ளே போனார். "மாதாவே, புள்ளயக் குடுத்துடு" என்று அவர் கதறியது கரையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. மீனவர்கள் இரண்டு பேர் போய்த்தான் அவரைப் பிடித்து இழுத்துவந்தார்கள்.

நிலா வண்டியில் இருந்தாள். கண்ணில் மணல் விழுந்ததென்று திரும்பிப் போய், மடித்துவைத்திருந்த ஜமுக்காளத்துக்குப் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறாள். செல்வம்தான் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு உயிர் வந்தது. வந்த நிம்மதியில் யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்வம் சத்தமாகவே சொன்னார்: "புள்ள வண்டியில குறட்ட விடுது, அண்ணன் கடல்ல வலை போடுறாரு!" தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற அண்ணனும் சிரித்தார். ஆனால் நிலாவின் தலையைத் தொட வந்த அவருடைய கை பாதியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒதுங்கிப்போனார். தெருவில் யார் பிள்ளை மதில் மேல் ஏறினாலும் வாய் திறக்கவில்லை. வருடாவருடம் கொண்டுவரும் ஐஸும் வரவில்லை. அடுத்த மே மாதம் எல்லோரும் கிளம்பியபோது, "எனக்கு உடம்பு முடியல. நீங்க போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் இல்லாமல் போன அந்தச் சாயங்காலத்தை என்னவென்று சொல்வது? காற்று நன்றாக இருந்தது, கடலும் அடங்கியிருந்தது. ஆனாலும் யாராலும் உட்கார முடியவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் பிள்ளையின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தோம். கையில் இருந்த மாங்காய்ப் பத்தையைக் கடிக்கக்கூடத் தோன்றவில்லை. பேச்சை ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்ப்போம். செல்வம், "கரைக்கு வா, கரைக்கு வா" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார். முன்பெல்லாம் இங்கே எப்படிக் கவலையில்லாமல் மல்லாந்து படுத்துக் கிடந்தோம் என்று யோசித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் படவேண்டிய கவலையையெல்லாம் ஒரு மனிதர் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். இருட்டுவதற்கு முன்பே பாயைச் சுருட்டினோம்.

தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். மத்தியானம் நாங்கள் போனதிலிருந்து உட்காரவே இல்லை என்று அக்கா பிறகு சொன்னார். செல்வம் இறங்கி நேராக அவரிடம் போனார். "அண்ணே, முடியலண்ணே. நீங்க இல்லாம ஒரு நிமிசம் உக்கார முடியல. அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணே" என்றார். அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவருடைய கண்கள் வண்டியில் இருந்து இறங்குகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியாக நிலா குதித்து இறங்கியதும், "ஏய், குதிக்காதடி, கால் பெசகிக்கும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். தெருவே மூச்சுவிட்டது. மறுநாள் மத்தியானம் ஐஸ் வந்தது.

போன மார்கழியில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பார்க்கப் போயிருந்தேன். "கவலைப்படக் கூடாதாம் தங்கச்சி. கவலைப்படாம எப்படி இருக்கறதுன்னு தெரியல. அதுவே பெரிய கவலையா இருக்கு" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. நிலா வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள் என்றதும், மாடி அறையா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அன்று இரவே போன் செய்து நிலாவிடம் கேட்டேன்.

கடைசியாகப் பார்த்தது அவர் இறப்பதற்கு முந்தைய வாரம். மூக்கில் குழாய் இருந்தது. "கடற்கரைக்கு எப்பப் போறீங்க?" என்று மெல்லக் கேட்டார். "நீங்க வீட்டுக்கு வந்ததும் போகலாம்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "புள்ளைங்களுக்கு லீவு முடிஞ்சிடும். போயிட்டு வாங்க. யாராச்சும் ஒருத்தர் மட்டும் தண்ணியில எறங்காம நில்லுங்க." அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பில்லாமல் வந்த பிள்ளைகள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். "நெழலுக்குப் போங்க" என்று அதட்ட யாருக்கும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தெரு கடற்கரைக்குப் போனது. போக வேண்டாம் என்றுதான் பலரும் நினைத்தோம். "அவங்க போகச் சொன்னாங்கன்னா போவணும்" என்று லூர்து அக்காவே வண்டியில் ஏறிவிட்டார். ஆனால் மணலில் இறங்கியதும் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. இத்தனை வருடம் அலையில் முட்டிவரை இறங்கி நின்று பாட்டுப் பாடுகிறவர் அவர். "என்னக்கா?" என்றேன். "தெரியலடி. அவங்க இருந்தவரைக்கும் எனக்கு எதுக்கும் பயமே வந்ததில்ல. அதெல்லாம் அவங்க வேலைன்னு இருந்துட்டேன். இப்ப பாத்திரம் உருண்டாக்கூடத் தூக்கிவாரிப்போடுது. இந்தத் தண்ணியப் பாத்தா நெஞ்சு அடிச்சிக்கிது" என்றார்.

செல்வம் பிள்ளைகளோடு தண்ணீருக்குப் போயிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நிலாவும் அங்கேதான் இருந்தாள். நான் அக்காவின் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். "நீங்க எறங்குங்கக்கா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, ஈர மணலில் இறங்கினார்.

ஆரோக்கியம் அண்ணனிடமிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டேன் என்று எழுத முடியாது, அவரிடம் அது இருக்கவில்லை. அவருடைய பயத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கையில் செருப்போடு, லூர்து அக்காவின் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.