மூழ்காத தோணியின் பாய்

காந்தி மார்க்கெட்டில் சின்னையா கடைக்கு வந்த யாரும் வெறும் கித்தானோடு திரும்பியதில்லை. கூடவே ஒரு கப்பல் மூழ்கின கதையையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். தூத்துக்குடித் தோணிகள் கழித்துப் போட்ட பழைய கித்தான் பாய்களை லாரியில் வரவழைத்து, வெங்காய மூட்டைக்கும் ஒழுகுகிற கூரைக்கும் போர்த்த விற்பது அவர் தொழில். மனுஷன் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆடியில் காவிரியைப் பார்த்தாலே இரண்டு படி பின்வாங்குவார். ஆனால் வாயைத் திறந்துவிட்டாலோ, கடைக்குள் புயல்தான்! ஒரு கப்பலைத் திமிங்கிலம் இடிக்கும், இன்னொன்று மாலத்தீவுப் பாறையில் ஏறும், மூன்றாவது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு காணாமல் போகும். மூழ்கின கப்பலின் பாய் என்றால் சட்டென்று விற்றுவிடும் என்பது அவர் கண்டுபிடித்த ரகசியம். கப்பல் மூழ்கினால் பாய் எப்படிக் கரைக்கு வந்தது என்று பதினோரு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கதை ருசியில் யாருக்கு அந்த யோசனை வரும்?

1958 ஐப்பசியில் ஒரு காலை, புத்தூரில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த இருதயமேரி, தன் வீட்டு ஓட்டுக் கூரைக்குக் கித்தான் வாங்க வந்தாள். சின்னையா புதிதாக வந்த பாயை உதறினார். மூலையில் நீல நூலால் ‘சந்தியாகப்பர்’ என்று தைத்திருந்தது. போதாதா அவருக்கு!

"சாதாரணப் பாயின்னு நினைக்காதீங்கம்மா. சந்தியாகப்பர் தோணி! கொழும்புக்கு ஓடு ஏத்திக்கிட்டுப் போறப்ப நடுக்கடல்ல சூறாவளி. பாய்மரம் முறிஞ்சு, பதிமூணு பேரும் ஜலசமாதி. ஒருத்தன் தப்பலீங்க!"

இருதயமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு அந்தத் தோணியிலதாங்க போனாரு. சவரிராயன். ரெண்டு மாசமா ஒரு தகவலும் இல்ல."

சின்னையா பாயைக் கீழே போட்டார். பாவி வாயே, என்ன காரியம் செய்தாய்! அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. போன வாரம் பெருமையோடு திமிங்கிலப் பாய் வாங்கிப்போன வெங்காய மண்டி அழகர்சாமியும் அதில் நின்றார்.

"பொய்ம்மா. அத்தனையும் பொய். நான் சொன்ன கப்பல் ஒண்ணுகூட முழுகல."

"என்னைத் தேத்தத்தானே இப்பப் பொய் சொல்றீங்க?" என்று அவள் விம்மினாள். "அப்ப கண்ணால பார்த்த மாதிரி சொன்னீங்களே!"

"இந்தப் பாயி போன வாரந்தாம்மா தூத்துக்குடியில லாரி ஏறுச்சு. தோணி முழுகியிருந்தா பாய் எப்படிக் கரைக்கு வரும்?" யாரும் கேட்காத கேள்வியைக் கடைசியில் அவரே கேட்டுவிட்டார்.

"அடப்பாவி! அப்ப என் திமிங்கிலம்?" என்று அழகர்சாமி அலறினார். மார்க்கெட்டே சிரித்தது. இருதயமேரி சிரிக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, சின்னையா அவளைத் தபாலாபீசுக்கு அழைத்துப்போய், பாய் அனுப்பிய வியாபாரிக்குத் தந்தி கொடுத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. பாய்மரம் முறிந்து மாலத்தீவில் ஒதுங்கிய தோணி, போன வாரம்தான் தூத்துக்குடிக் கரை சேர்ந்ததாம், சவரிராயன் நலமாம், வீட்டுக்குக் கடுதாசியும் போட்டிருக்கிறாராம். பாய்மரம் முறிந்தது மட்டும் நிஜமா என்று சின்னையாவுக்கே தூக்கிவாரிப்போட்டது. பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து, புத்தூருக்கு ஓடினார். தந்தியைக் கேட்டு இருதயமேரி அழுதாள், அவரை வாயாரத் திட்டினாள், பிறகு காப்பி கொடுத்தாள். அவரே கூரையேறிப் பாயைப் போர்த்திக் கட்டிவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து, வெயிலில் கறுத்த ஒரு மனிதர் இருதயமேரியோடு கடைக்கு வந்து, கித்தான் குவியல்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"நாந்தாங்க சவரிராயன். நான் எப்படிச் செத்தேன்னு கொஞ்சம் சொல்லுங்க, கேப்போம்."

சின்னையா அவசரமாக ஒரு கித்தானை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். இருதயமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொல்லுங்கண்ணே. நானும் இன்னொரு தடவை கேக்கறேன். இப்ப எனக்குப் பயமில்ல."

சின்னையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சூறாவளி அடித்தது, பாய்மரம் முறிந்தது. ஆனால் பதிமூன்று பேரையும் ஒருவர் விடாமல் கரை சேர்த்த பிறகுதான் வாயை மூடினார். "அந்தப் பாய் எனக்கு வேணும்யா!" என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அழகர்சாமி துள்ளினார்.

"அது இல்லீங்க," என்றார் சின்னையா. "அவரு வீட்டுக் கூரைமேல கிடக்கு."