அடிவரிசையில் கைவைத்த பரிமளம் அக்கா

செய்தி எனக்கு வந்தபோது செத்தவீடு முடிந்து மூன்று நாள். இரும்புக் குழாய் தேடி ஊர்காவற்றுறைக்குப் போனவன், கடும் காற்றில் படகு ஓடாததால் அங்கேயே நின்றுவிட்டேன். நெடுந்தீவிலிருந்து முதலில் வந்த வள்ளக்காரர் இறங்காமலே சொன்னார்: "பரிமளம் அக்கா போயிட்டா. காய்ச்சல்."

ஊருக்கு வந்தால் இறங்குதுறைச் சுவரில் கையெழுத்து அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'பொறுமையின் உறைவிடம்' என்று எழுதியிருந்தார்கள். பொய். இந்தத் தீவின் மருத்துவிச்சியாக உங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்தவரிடம் பொறுமையை நீங்கள் எப்போது கண்டீர்கள்? நான் காணவில்லை.

சண்டையால் தீவுக்கு மண்ணெண்ணெய் வருவது நின்ற வருடம்தான் அவர் என் கொட்டிலுக்கு வந்தார். இயந்திரவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த நான் எரிகுச்சி செய்துகொண்டிருந்தேன். வள்ளம் கட்டும் இடத்து மரத்தூள், கரியாக்கி இடித்த பனங்கொட்டை, ஒட்டுவதற்கு ஊறவைத்த பழைய கடதாசி. மூன்றையும் குழைத்துக் குழாய்க்குள் போட்டு லொறி தூக்கும் ஜக்கால் நெரித்தால் விரல் தடிப்பில் குச்சி வரும். பிறகு நாலு நாள் வெயில்.

"கத்தரிக்கோலும் நூலும் அவிய வேணும்," என்றார். "மாரியிலை ஈர விறகை ஊதிக்கொண்டிருக்க ஏலாது. பிள்ளை காத்துக்கொண்டிருக்காது."

நான் பெருமையாகக் குச்சிகள் இருந்த அறையைத் திறந்தேன். கல்லுச் சுவரோடு சேர்த்து முகடு வரை அடுக்கியிருந்தேன். மேலே கிடந்த ஒன்றை எடுத்து 'டக்' என்று முறித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குனிந்து, சுவரோரம், அடிவரிசையில் ஒன்றை இழுத்தார். அது அவர் கையில் பிட்டாக உதிர்ந்தது.

"மேலை கிடக்கிறது நீர் காட்டுறது, தம்பி. மாரியிலை எனக்கு வரப்போறது இதுதான்."

அழுத்தம், அளவு, எரியும் நேரம் எல்லாம் கணக்குப் பார்த்தவன், உப்புக்காற்றைக் குடிக்கும் அந்தச் சுவரைக் கணக்கில் எடுக்கவில்லை. பிழை என்னுடையது. ஆனால் கோபம் அவர்மேல் வந்தது. அப்படியானால் நீங்களே செய்யுங்கோ என்றேன்.

"செய்யத் தெரிஞ்சால் உம்மட்டை ஏன் வாறன்?"

முழுவதையும் மறுபடி இடித்தேன். பனஞ்சலாகையில் தட்டு அடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். காய்ந்த குச்சிகளைப் பால்மா வந்த தகர ரின்களில் அடைத்து, மூடியைச் சுற்றி சைக்கிள் ரியூப் வெட்டி இறுக்கினேன். ஒரு பிரசவத்துக்கு ஒரு ரின். அவர் கிழமைக்கு ஒருமுறை வந்து, ஆக அடியில் இருந்த ரின்னைத்தான் திறப்பார். ஒருநாளும் நல்லது என்று சொன்னதில்லை. "புகை கொஞ்சம் கூட" என்பார், போவார்.

அந்த மாரியில் ஐந்து நாள் படகில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. மேற்குப் பக்கத்து வீடொன்றில் மத்தியானம் வலி தொடங்கியது. ரின்னோடு அவர் நடந்தே போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ரின் கேட்டு ஆள் ஓடி வந்தது. குச்சி எரியவில்லையாக்கும் என்று நானே கொண்டு ஓடினேன். குசினிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"உம்மடை கணக்கு பிழை," என்றார். "இரட்டைப் பிள்ளை."

நிலைமை சரியில்லை, யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுங்கள் என்று அவருக்குச் சொல்லாதவர் இல்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நான் போனால் இஞ்சை பிள்ளை பெறுறதை நிப்பாட்டுவினமோ?"

இப்போது என்னிடம் கேட்கிறார்கள், அக்காவே இல்லை, இனி யாருக்கு இந்த ரின்கள் என்று. யாரும் நிப்பாட்டவில்லை. அவரோடு கூடப் போய் வந்த இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கத்தரிக்கோல் இருக்கிறது. மாரி வரத்தான் போகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அடியில் கைவிடும் அந்தப் பழக்கம் ஒன்றுதான். நேற்று அந்தப் பெண்களை அறைக்குக் கூட்டிவந்து, மேல்வரிசையைத் தொட வேண்டாம் என்றேன். ஒருத்தி குனிந்து, சுவரோரத்து ரின்னைத் திறந்து, குச்சி ஒன்றை முறித்தாள்.

'டக்' என்று கேட்டது.