அத்தான் சாகாமல் நடித்த நாடகம்

அந்தக் காதுக்கருவி ஒரு கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அத்தானின் இடது காதுக்குள் அதைப் பொருத்திவிட்டு, இரண்டடி பின்னால் போய் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். பிறகு மறுபடியும் நேரே வந்து பார்ப்பேன். "பாத்தது காணுமடாப்பா, நீ பாக்கிற பார்வையிலையே அது கழண்டு விழுந்திடும்" என்பார் அவர். தோல் நிறத்தில் செய்தது என்று சொல்லித்தான் தியேட்டரில் அதைத் தந்தார்கள். செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது தங்களுடைய தோலை. அத்தானுடைய கறுப்புக் காதில் அது வெள்ளைப் பூச்சி ஒன்று புகுந்ததுபோல் தெரிந்தது. ஒப்பனை செய்யும் பெண் தன் தூரிகையால் அதற்குக் கறுப்புப் பூசிய பிறகுதான் எனக்கு ஒரு கவலை தீர்ந்தது. அடுத்த கவலை பற்றரி. ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் புதிது போட்டேன், பழையது நன்றாக இருந்தாலும்.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். பாரிஸ்டர் படிப்புக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டவர். வந்த இடத்தில் மாலை வகுப்பில் நடிப்புப் படித்து, சட்டப் புத்தகங்களை மூடிவிட்டார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் நடிகராகவே இருந்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் இந்த நாட்டில் ஐம்பது வயது தாண்டியவர்கள் பாதிப் பேர், "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்று நெற்றியைச் சுருக்குவார்கள். தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்த வேடங்கள் அப்படி: கடைக்காரர், பஸ் கண்டக்டர், கடைக்காரர், "எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம்" என்று தலைகுனியும் ஆஸ்பத்திரி டாக்டர், மறுபடியும் கடைக்காரர். எந்த வேடமென்றாலும் இன்னும் கொஞ்சம் இந்தியனாகப் பேசும்படி கேட்பார்கள். அவருக்கு அந்தப் பேச்சு வராது. வெம்பிளியில் மரக்கறிக் கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக்காரரிடம் தேவையில்லாமல் கத்தரிக்காய் வாங்கி வாங்கித்தான் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கிழமை முழுவதும் எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

என் கணக்கில் அவர் திரையில் பதினொரு தடவை செத்தார். அவர் பத்து என்பார். ஒன்றில் வெறும் மயக்கம்தான் என்று இயக்குநர் சொன்னாராம். அடுத்த கிழமையும் அதற்கு அடுத்த கிழமையும் அவர் எழும்பவில்லை, ஆகவே நான் அதையும் சேர்த்துக்கொண்டேன். கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, நஞ்சு, ஒருமுறை லிப்ட் அறுந்து விழுந்து. மேடையிலும் அப்படித்தான், பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னாலேயே ஆள் முடிந்துவிடுவார். லண்டனின் எட்மண்டன் பகுதியிலிருந்து சொந்தக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள்: "தம்பி, ராத்திரி அத்தான் செத்தது வலு திறம். பிள்ளையள் அழுதுட்டுதுகள்." கலியாண வீடுகளில் மட்டும் யாராவது ஒருவர், "இப்ப வேலை ஏதும்?" என்று கேட்டுவிடுவார். இந்த ஊர் நடிகர்கள் வேலையில்லாத காலத்தை ஓய்வு என்றுதான் சொல்வார்கள். அத்தானும் நெஞ்சை நிமிர்த்தி, "இப்ப ஓய்விலை இருக்கிறன்" என்பார். எங்கள் ஐயா ஒருமுறை சபை நடுவில், "ஓய்வெடுக்கிறதெண்டால் முதல்லை வேலை செய்யவேணுமெல்லோ மருமோன்" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. தபால் கந்தோர் கவுண்டரில் நின்று வீட்டை ஓட்டியவள் அவள்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவளுக்கு அத்தானின் தொழில் பிடிக்காமல் போனதில்லை. அதைப் பார்த்து ஆட்கள் சிரிப்பதுதான் பிடிக்காது.

நான் லண்டனுக்குப் படிக்க வந்து அவர்கள் வீட்டில் தங்கியபோது எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நடிகர்கள் வசனம் பாடமாக்கும்போது எதிர்ப்பாத்திரங்களின் வசனத்தை வாசிக்க ஓர் ஆள் வேண்டும். அத்தான் கோப்பை கழுவிக்கொண்டே தன் வசனத்தைச் சொல்வார். நான் சமையலறை முக்காலியில் இருந்து கொலைகாரனாகவும், மந்திரியாகவும், அவருடைய வெள்ளைக்கார மனைவியாகவும் வாசிப்பேன். முதல் நாள் கொஞ்சம் உணர்ச்சியோடு வாசித்துவிட்டேன். சவர்க்கார நுரையோடு கையை உயர்த்தி நிறுத்தினார். "நீ நடிக்காதை. நீ நடிச்சால் எனக்கு நிக்க இடமில்லை. பஸ் அட்டவணை வாசிக்கிற மாதிரி வாசி." கவுன்சிலில் கணக்குப் பிரிவுக்குப் போக இருந்த எனக்கு அது இயல்பாகவே வந்தது. ஒரு சொல் தவறினாலும் நிறுத்துவேன். அவருக்கு அது பிடிக்கும். நான் தனி வீடு போன பிறகும், புது வேடம் கிடைத்தால் ரெயில் ஏறிக் கையில் ஸ்கிரிப்டோடு வந்துவிடுவார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயதானபோது முதல் பெரிய பாத்திரம் வந்தது. வட லண்டனில் ஒரு சின்னத் தியேட்டர், தொண்ணூற்றாறு இருக்கை. மகன் வீட்டுக்கு இரண்டு கிழமைக்கென்று வந்து, பெட்டியையும் அவிழ்க்காமல், திரும்பிப் போகவும் மறுக்கும் ஒரு கிழவர். முதற் காட்சியிலிருந்து கடைசி வரை மேடையில் அவர்தான். அதே மாதத்தில்தான் டாக்டர் அவருடைய ஞாபகசக்தியைப் பற்றிச் சொன்னார். தொடக்கம்தான், ஆனால் தொடங்கிவிட்டது. அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "ஒரு வசனம் மறந்தாலும் அண்டைக்கே விட்டிட்டு வரவேணும். ஐம்பது வருசம் கழிச்சு நாலு பேர் பாத்துச் சிரிக்க நான் விடமாட்டன்." அத்தான் ஓம் என்றார். ஒத்திகையின் மூன்றாவது கிழமையில், இரண்டாம் பாகத்தின் நீண்ட பேச்சு அவருக்கு நடுவில் நின்றுபோனது. மறுநாளும் அதே இடத்தில் நின்றது. அவருக்குப் பதிலாக மேடை ஏற இன்னொரு நடிகன் வசனம் பாடமாக்கி ஆயத்தமாக இருந்தான். நாடகத்தை இயக்கிய பெண் நல்லவள். வயதான நடிகர்கள் பலர் இப்போது பின்னால் ஒருவர் வசனம் வாசிக்க, காதுக்கருவி வைத்துக் கேட்டுத்தான் நடிக்கிறார்கள், இதில் வெட்கமில்லை என்றாள். முதலில் தியேட்டரில் வேலை செய்த ஒரு பிள்ளை வாசித்தது. ஒரு நாளிலேயே அத்தான் என்னைக் கூப்பிட்டார். "அவள் நடிக்கிறாளடா. என்னாலை ஏலாது. நீ வா. அக்காவுக்குச் சொல்லாதை."

மேடைக்குப் பின்னால் விளக்குமாறு வைக்கும் அறையில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். முன்னால் மேடையைக் காட்டும் ஒரு சின்னத் திரை, மடியில் ஸ்கிரிப்ட், வாய்க்கு நேரே ஒரு மைக். நான் அரை மூச்சு முன்னால் வாசிக்கவேண்டும். அவர் கேட்டதை அப்படியே சொல்லவேண்டும். யோசிக்கவே கூடாது, யோசித்தால் பிந்திவிடும் என்று இயக்குநர் அவரைப் பழக்கியிருந்தாள். காதில் விழுவது வாயில் வரும். என் யாழ்ப்பாணத்து ஆங்கிலம் அவர் காதுக்குள் பஸ் அட்டவணையாகப் போய், மேடையில் ஒரு மனிதனாக வெளியே வந்தது. அந்த அதிசயத்தை ரசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. தும்மல் வந்தால் என்ன செய்வது என்ற கவலையிலேயே முதற்கிழமை போனது.

இரண்டாவது சனிக்கிழமை பகற்காட்சிக்கு அக்கா வந்தாள். நான்காவது வரிசையில் இருப்பதைத் திரையின் ஓரத்தில் கண்டேன். இரண்டாம் பாகத்தில் கிழவர் மாடிப்படியால் இறங்கி வருவார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். அன்றைக்கு அத்தான் மூன்றாவது படியில் காலை வைத்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. மைக் திறந்திருப்பதை மறந்து, என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன். அடுத்த கணம், தொண்ணூற்றாறு பேருக்கும் முன்னால், அத்தானின் கம்பீரமான குரலில் அது கேட்டது:

"மெல்ல, மெல்ல! படியைப் பாத்து! விழுந்து கிழுந்து துலைக்கப் போறார், என்ரை கடவுளே!"

மகனாக நடித்த இளைஞனுக்கு அந்தத் தமிழில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான், படியைப் பார்த்தான், ஒவ்வொரு படியாக மிகக் கவனமாக இறங்கினான். சபை சிரித்தது. ஐயா சொன்னதற்குச் சிரித்த சிரிப்பல்ல அது. சொந்தத் தகப்பனை நினைத்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. நான் மட்டும் எங்கள் கதை முடிந்தது என்று மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, அடுத்த வசனத்துக்குப் போனேன்.

நாடகம் முடிந்ததும் விளக்குமாற்று அறைக்கு முதலில் ஓடி வந்தவள் இயக்குநர். அந்த வசனம் இனி ஒவ்வொரு காட்சியிலும் வேண்டும், ஸ்கிரிப்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்குப் பின்னால் அக்கா நின்றாள்.

"வெளியாலை வா" என்றாள் என்னிடம். "அந்த மனிசன் வாழ்க்கையிலை ஒருத்தரையும் மெல்ல நட எண்டு சொன்னதில்லை. றோட்டிலை என்னை விட்டிட்டு முன்னாலை போற ஆள். அது உன்ரை வாய். எத்தினை நாளா நடக்குது இது?"

"தொடக்கத்திலையிருந்து" என்றேன்.

அதற்குள் அத்தான் பாதி ஒப்பனை கலைத்த முகத்தோடு வந்துவிட்டார். ஒரு கன்னம் கிழவருடையது, ஒரு கன்னம் அவருடையது. அக்கா அவரைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அவர் கையெடுத்து மறித்தார்.

"இஞ்சாரும். நான் இவ்வளவு காலமும் செத்துச் செத்தே வீட்டை வந்தனான். இதிலைதான் சாகேல்லை. கடைசி வரைக்கும் நிக்கிறன். இன்னும் இரண்டு கிழமைதான். முடிக்க விடும்."

அக்கா கைப்பையிலிருந்து ஒரு டிசு எடுத்து அவருடைய கிழட்டுக் கன்னத்தைத் துடைக்கத் தொடங்கினாள். அது போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

மறுநாளிலிருந்து தேத்தண்ணிப் போத்தலோடு அவளும் விளக்குமாற்று அறைக்கு வந்தாள். கவிழ்த்த வாளியின் மேல் ஒரு குஷன் போட்டு இருந்துகொண்டு என்னை மேற்பார்வை செய்தாள். நான் வேகமாக வாசிக்கிறேனாம். நான் மூக்கால் வாசிக்கிறேனாம். "அவருக்கு மூச்சு விட நேரம் குடு. நீ என்ன வரி கட்டுற கடிதமோ வாசிக்கிறாய்?" அத்தானுக்கு எது எப்போது தடைப்படும் என்பது, இத்தனை காலம் பக்கத்தில் படுத்தவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்தது. அவர் தோள் இலேசாக உயரும்போதே என் முழங்கையில் தட்டுவாள்.

இப்போது அத்தான் ரெய்னர்ஸ் லேனில் அவர்களுடைய வீட்டு முன்னறையில், யன்னலோரக் கதிரையில் இருக்கிறார். என்னைச் சில நாள் தம்பி என்கிறார், சில நாள் டாக்டர் என்கிறார். பழைய படங்களில் அவர் முகம் வந்தால், "இவனை எங்கையோ பாத்திருக்கிறன்" என்று நெற்றியைச் சுருக்குகிறார். நான் போகும் நாட்களில் பக்கத்தில் இருந்து அவருக்குச் சொல்வது, அந்த நாடகத்தின் கடைசிப் பகற்காட்சியைப் பற்றித்தான். அவர் முதன்முறை கேட்பதுபோல் கேட்பார்; எனக்கும் சொல்லி அலுக்கவில்லை.

அன்றைக்கு ஓர் இருக்கையும் காலியில்லை. மூன்று தடவை எண்ணினேன். எனக்குக் காலையிலேயே தொண்டை கட்டியிருந்தது, யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் பாகத்தில் அந்த நீண்ட பேச்சுக்கு முன்னால் குரல் முற்றாக நின்றுவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்றுத்தான் வருகிறது. திரையில் அத்தான் தனியே நிற்கிறார். தோள் உயர்கிறது. அக்கா என் மடியிலிருந்த ஸ்கிரிப்டைப் பறித்தாள், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள், மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள், தபால் கந்தோர்க் கவுண்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடும் அதே குரலில் வாசித்தாள். அத்தான் தலையை நிமிர்த்தினார். யாரோ பின்னாலிருந்து தொட்டதுபோல் ஒரு கணம் பேசாமல் நின்றார். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு பேசத் தொடங்கினார். நான் எத்தனையோ தடவை கேட்ட பேச்சு அது. அன்றைக்கு அது மகனிடம் சொல்வதுபோல் இல்லை. வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒருத்தியிடம் சொல்வதுபோல் இருந்தது. அக்கா நடிக்கவேயில்லை. ஒவ்வொரு சொல்லாக, தட்டையாக, அவருக்கு நிற்க இடம் விட்டுக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

விளக்கு அணைந்து எரிந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அத்தான் மேடை நடுவில் தனியே நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சபையைப் பார்த்தார். அக்கா மைக்குக்குக் குனிந்தாள்.

"முடிஞ்சுது. வலு திறம். இனி வீட்டை வாங்கோ, சாப்பிடுவம்."

அத்தான் நிமிர்ந்தார். இரண்டு கையையும் அகல விரித்தார். அவ்வளவு சனத்தையும் பார்த்து, அந்த முழுக் குரலில் சொன்னார்:

"முடிஞ்சுது! வலு திறம்! இனி வீட்டை வாங்கோ, சாப்பிடுவம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பின்வரிசையிலிருந்து யாரோ எங்கள் ஆள் ஒருவர், "ஓம் ஐயா, வாறம்!" என்று கத்தினார்.

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஊரையெல்லோ கூப்பிடுறார். இவ்வளவு பேருக்குச் சோறு காணாதே!"

நான் அவசரமாக எட்டி மைக்கை அணைத்தேன்.